புளி போட்டுத் தேய்த்த தாடை

விழுப்புரத்தில் பஸ் ஏறியதும் பக்கத்து இருக்கைக்காரர், "அந்த டப்பால என்னா சார்?" என்று கேட்டார். நான் மடியில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு பழைய பிஸ்கட் டப்பா. "பல்லு" என்றேன். அவர் என் வாயை ஒரு தரம் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

அது 1956. திருச்சியில் ஒரு கல்லூரியில் ஜியாலஜி டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். பையன்களிடம் கல்லைக் காட்டி இது என்ன என்று கேட்பதும், அவர்கள் சொல்லும் பதிலுக்குத் தலையில் அடித்துக்கொள்வதும் என் உத்தியோகம். டப்பாவில் இருந்தது பூனைப் பல். வீட்டுப் பூனை அல்ல. சிறுத்தைக்குப் பெரியது, புலிக்கு ஒல்லி, இன்று காட்டில் எங்கும் இல்லாத ஏதோ ஒரு பெரும் பூனை. அப்படித்தான் நான் நம்பினேன்.

திருக்கோவிலூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயி கிணறு வெட்டியபோது கிடைத்தது. தென்பெண்ணை அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி ஓடுகிறது. ஆனால் கிணற்றின் அடியில் உருண்டை உருண்டையாகக் கூழாங்கல். கூழாங்கல் இருந்தால் அங்கே ஒரு காலத்தில் ஆறு இருந்திருக்கிறது என்று அர்த்தம். தூக்கம் பிடிக்காதவன் பாயை இழுத்து இழுத்துப் போட்டுப் படுப்பதுபோல ஆறும் இடம் மாறி மாறிப் படுக்கும். பழைய படுக்கையில் அது விட்டுப் போன மணலுக்கும் சரளைக்கும் அடியில், தண்ணீர் குடிக்க வந்து செத்த மிருகங்கள் கல்லாகிக் கிடக்கும். மாட்டு எலும்பு, யானை எலும்பு கிடைப்பதுண்டு. பூனை கிடைப்பது அபூர்வம். தின்கிறவை எப்போதும் தின்னப்படுகிறவற்றைவிடக் குறைவுதானே.

அடுத்த மாதம் சென்னையில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிக் கட்டுரை படிக்க இருந்தேன். எங்கள் துறைத் தலைவர் பல்லை விரலிடுக்கில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆற்றுச் சரளையிலிருந்து வந்தது என்கிறீர். ஒரு மணல் பொடியாவது ஒட்டியிருக்கிறதா? எந்த வேட்டைக்காரன் கழுத்தில் கிடந்ததோ! இன்னொரு சாட்சி கொண்டுவாரும். இல்லாவிட்டால் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொள்ளும்" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். பல் சுத்தமாக, பளபளவென்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் புதுச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த என் பழைய மாணவன் ஒருவன் எழுதினான். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது வீட்டுச் சாமான்களை ஏலத்தில் விடுகிறார்களாம். அப்படி ஏலத்தில் எடுத்த சாமான்களை விற்கும் கபூர் பாய் என்பவரின் கடையில், கல்லாய்ப் போன தாடை ஒன்று பல்லோடு இருக்கிறது. சரளை மண் அப்பிக்கொண்டு கிடக்கிறது. அதை வைத்திருந்தவர் ஊரைச் சுற்றிக் கிணறு தோண்டிய பிரெஞ்சு இஞ்சினீயர். எழுதிய கையோடு அவன் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போய்விட்டான். நான் கடைக்கு ஒரு கார்டு போட்டு, இன்ன தேதியில் வருகிறேன், தாடையை யாருக்கும் விற்றுவிட வேண்டாம் என்று மரியாதையாக எழுதினேன். அந்தக் கார்டு செய்த வேலையைப் பிறகு சொல்கிறேன்.

பஸ் பழைய பிரெஞ்சு எல்லையைத் தாண்டும்போது ஒரு வேடிக்கை. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அங்கே சுங்கச் சாவடி இருந்தது. இப்போது வெறும் கம்பம்தான் நிற்கிறது, சோதனை போட ஆளில்லை. ஆனாலும் அந்த இடம் வந்ததும் பஸ்ஸில் பேச்சு நின்றது. ஓர் அம்மாள் காலடியில் இருந்த பையைப் புடவைத் தலைப்பால் மூடினார். ஒரு பெரியவர் கேட்காமலே பெட்டியைத் திறந்து காட்டத் தயாரானார். கண்டக்டர், "மூடு தாத்தா, வெள்ளக்காரன் பூட்டான்" என்றார். பஸ்ஸே சிரித்தது. பெரியவருக்கு மட்டும் ஏமாற்றம்.

வில்லியனூர்ப் பாலத்தில் தலையை வெளியே நீட்டி ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் ஓர் ஓரமாக ஒதுங்கி, மீதியெல்லாம் மணல். நம் காவிரி மணலைவிடக் கொஞ்சம் சிவப்பு. தாடை இந்த ஆற்றின் பழைய சரளையில் கிடைத்ததென்றால் என் பல்லுக்கு அண்ணன் தம்பி கிடைத்துவிடுவார்கள். இரண்டு ஆறுகளும் பக்கத்துப் பக்கத்து ஆறுகள். ஓரிடத்தில் அந்தப் பூனை இருந்தால் இன்னோரிடத்திலும் இருந்திருக்கும். மனசு கட்டுரையின் முதல் வரியை எழுத ஆரம்பித்துவிட்டது.

முதல் வரி முடிவதற்குள் மூலக்குளத்தில் டயர் வெடித்தது. டிரைவர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார். கண்டக்டரும் பார்த்தார். பயணிகள் எல்லோரும் முறை வைத்துப் பார்த்தோம். வேறு டயர் இல்லை என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் வெளிவந்தது. டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகரத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தேன்.

புதுச்சேரி வெளிநாடு அல்ல என்று சர்க்கார் சொல்லிவிட்டது. ஊருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருந்தது. தெருக்கள் கோடு போட்டாற்போல் நேர். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. திருச்சியில் வழி கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவார்கள். இங்கே ஒருவர் தெருப் பெயரைப் பிரெஞ்சில் சொன்னார், அடுத்தவர் அதே தெருவைத் தமிழில் சொன்னார், நான் இரண்டையும் வெவ்வேறு தெரு என்று நினைத்து ஒரே இடத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன்.

ராத்தங்கலுக்கு மார்க்கெட் அருகே ஓர் அறை. காலையில் ரொட்டிக் கடைக்குப் போனேன். கை நீளத்துக்கு ரொட்டி, மேலே மரப்பட்டை மாதிரி, உள்ளே பஞ்சு. காப்பியில் முக்கித் தின்ன வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. முன்பல்லால் கடித்தேன், முடியவில்லை. வாயைக் கோணிக்கொண்டு கடைவாயால் வெட்டினேன். பூனையும் இப்படித்தான் தின்னும். அதற்கு நம்மைப்போல் அரைக்கிற பல் கிடையாது. பக்கவாட்டில் கத்தரி போல் வெட்டுகிற பல்தான். என் டப்பாவில் இருந்ததும் அந்தக் கத்தரிப் பல்தான்.

பக்கத்து மேஜையில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற இரண்டு தமிழர்கள் பிரெஞ்சில் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அரசியல் போலும் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். கடைக்காரர் மொழிபெயர்த்தார். "அந்தக் காலத்துல பிரான்சுலேர்ந்து கப்பல்ல வந்த மாவுல சுட்ட ரொட்டி மாதிரி இது இல்லங்கறாரு அவுரு. அப்பவும் நீ இதத்தான் சொன்னேங்கறாரு இவுரு. பத்து வருசமா இதே பேச்சு சார்."

பாயின் கடை ஒரு பிரெஞ்சுக்கார வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்தாற்போல் இருந்தது. நாற்காலிமேல் நாற்காலி, ஊமையான கடிகாரங்கள், ஆளுயரக் கண்ணாடிகள். கபூர் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல வெள்ளைச் சட்டை, கையில் என் கார்டு. "வாங்க வாங்க, ஒங்களுக்காகத்தான் காத்துனு இருக்கேன். அஞ்சல, அந்தத் தாடயக் கொண்டா!"

அஞ்சலை என்கிற அந்தப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கலாம், ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் பூப்போட்ட துணி விரித்து அதன்மேல் தாடையை வைத்துக் கொண்டுவந்தாள். மூலக்குளத்தில் கொல்லையில் பயிர் வேலை செய்கிற குடும்பம். இங்கே பித்தளை விளக்குவதும் மர சாமான் துடைப்பதும் அவள் வேலை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

தாடையைப் பார்த்தேன். அது மின்னியது! கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. ஒரு பொட்டு மண் இல்லை. தேங்காயெண்ணெய் வாசனை வேறு.

"மண்ணு எங்கே?" என்றேன்.

பாய் பெருமையோடு, "காலேஜுலேர்ந்து பெரியவுங்க வராங்க, அழுக்கும் மண்ணுமாக் காட்டுனா மருவாதையா இருக்குமா? கார்டு வந்த அன்னிக்கே அஞ்சலகிட்ட குடுத்துட்டேன்" என்றார்.

"கல்லாட்டம் புடிச்சினு இருந்துச்சுங்க" என்றாள் அஞ்சலை. "ரெண்டு நாள் புளித்தண்ணில ஊறப் போட்டேன். பொலபொலன்னு உட்ருச்சு. அப்பறம் நார் போட்டுத் தேச்சி எண்ண தடவுனேன்."

நான் கத்தினேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த மண்தான் எல்லாம், எலும்பு எந்த ஊர் என்று சொல்கிற ஒரே சாட்சி அதுதான், லட்சம் வருஷம் ஒட்டிக்கொண்டிருந்ததை இரண்டு நாளில் புளி போட்டுத் தொலைத்துவிட்டீர்களே என்றெல்லாம் கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பாயின் முகம் செத்துவிட்டது. அஞ்சலை தாம்பாளத்தைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

வகுப்பில் பையன்களிடம் காட்டுவதுபோல் டப்பாவைத் திறந்து பல்லை அந்தத் தாடையின் பக்கத்தில் வைத்தேன். அதே கத்தரி வாய், அதே ஒடிசல். அளவில் துளிதான் வித்தியாசம். "பாருங்கள்! இரண்டும் ஒரே சாதி. இதற்கு ஊர் எது என்று தெரிந்தால் அதற்கும் தெரிந்துவிடும். தெரியாமல் பண்ணிவிட்டீர்கள்."

அஞ்சலை குனிந்து பார்த்தாள். "இந்தப் பல்லும் பளபளன்னுதான இருக்கு. இத யாருங்க தேச்சது?"

"கிடைக்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்று வெடுக்கென்று சொன்னேன்.

பாய் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. வீட்டிலிருந்து இடியாப்பமும் ஆட்டுக்கறியும் வந்தது. கோபத்தோடு உட்கார்ந்தவன் மூன்றாவது இடியாப்பத்தில் ஆறிவிட்டேன். அவ்வளவு நல்ல கறி. பாய்க்குத்தான் ஆறவில்லை. சாப்பிட்டு முடித்ததும் கடைச் சீட்டு ஒன்றை எடுத்தார். "அந்த இஞ்சினீயர் முசே கெணறு தோண்டுனதெல்லாம் வில்லியனூர் பக்கந்தான். அங்கதான் இது கெடச்சிருக்கணும், வேற எங்க கெடைக்கும்? அப்பிடியே எழுதி, முத்திரை குத்தித் தரேன். மண்ணு போனா என்னா, எழுத்து இருக்குல்ல?"

எழுதினார். "வில்லியனூர் ஆற்றங்கரையில் கிணறு தோண்டும்போது கிடைத்த தாடை" என்று அழகான கையெழுத்து, கீழே ஊதா முத்திரை. இது தெரிந்து எழுதியது அல்ல, தோன்றி எழுதியது என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கண்ணுக்கு முன்னால் சென்னைக் கூட்டம் வந்து நின்றது. நன்றி சொல்லி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் கடற்கரையில் உலாத்தினேன். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் காற்று வாங்கினார்கள், கடலும் நன்றாகவே இருந்தது. என் கைதான் அடிக்கடி சட்டைப் பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை தாடையைத் தாளில் வரைந்துகொள்ளப் பாயின் கடைக்குப் போனேன். வரைந்து முடித்துக் கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது, குழாயடியில் அஞ்சலை ஒரு பெரிய பித்தளை அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு, மாடத்திலிருந்து ஒரு கொட்டாங்குச்சியை எடுத்து நீட்டினாள்.

"நேத்து நீங்க கத்துன கத்துல எனக்கு இது ஞாவகமே வரல. இந்த மண்ணத்தான கேட்டீங்க? இந்தாங்க."

கொட்டாங்குச்சியில் கால்வாசி, காய்ந்த கரகரப்பான மணல்.

"ஊறுனப்போ அண்டா அடியில படிஞ்சது. தூக்கி ஊத்தப் போனேன். கையில எடுத்துப் பாத்தா செங்கத்தூளவிட நல்லா கடிக்குது. பித்தள வெளக்க ஆவும்னு காய வெச்சி எடுத்து வெச்சேன். இன்னும் வேற ஒண்ணும் கலக்கல."

அவள் காலில் விழுந்திருப்பேன். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெயிலில் குந்தினேன். முதலில் வெள்ளைக் குருணைகள், அது எந்த ஆற்றிலும் உண்டு. பிறகு கறுப்பு. நம் ஆறுகளிலும் கறுப்பு மணல் இருக்கிறது, ஆனால் அது எள் மாதிரி வழவழவென்று இருக்கும். இது அப்படி இல்லை. அடுப்புச் சாம்பலில் கிடக்கும் கசடு போல் பொத்தல் பொத்தலாக இருந்தது. நடுநடுவே கண்ணாடித் துண்டு போன்ற பச்சைப் பொடி.

"நம்ம ஆத்து மண்ணு இப்பிடிக் கடிக்காதுங்க" என்றாள் அஞ்சலை. "தெனம் அள்ளித் தேய்க்கறேன், எனக்குத் தெரியாதா? கடல் மண்ணும் இல்ல. இது எந்த ஊரு?"

எனக்குத் தெரிந்துவிட்டது. அது எரிமலைக் குழம்பு ஆறிப் பொடிந்த மணல். தென்பெண்ணையும் சரி, வில்லியனூர் ஆறும் சரி, வருகிற வழியில் எங்கும் அப்படிப்பட்ட கல் கிடையாது. பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில் அணைந்துபோன எரிமலைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் அடிவாரத்தில் ஓடிய பழைய ஆறுகளின் மணலில் இந்த மாதிரிப் பூனைகள் கிடைக்கும் என்று பாடமே எடுத்திருக்கிறேன். இஞ்சினீயர் தன் ஊர் ஞாபகத்துக்கு எடுத்து வந்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

அஞ்சலை அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொட்டாங்குச்சி என் கையில் இருந்தது. காலடியில் சாக்கடை. சட்டைப் பையில் முத்திரை குத்திய சீட்டு. ஒரு சாய்ப்பு சாய்த்தால் போதும், தாடைக்கு வில்லியனூர்தான் ஊர் என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை. பாயே எழுதிக் கொடுத்திருக்கிறார். அஞ்சலை சொல்வதை எந்தக் கூட்டம் கேட்கப் போகிறது? கை கொஞ்சம் சாய்ந்ததும் உண்மை. இரண்டு மூன்று மணிகள் சாக்கடைத் தண்ணீரில் விழுந்தன.

சத்தம்கூட இல்லாத அந்த விழுதல் எனக்கு ஏற்கெனவே பழக்கம். திருக்கோவிலூர்க் கிணற்றிலிருந்து என் பல் வந்தபோது சரளை கெட்டியாக அப்பிக்கொண்டுதான் வந்தது. முழுப் பல்லையும் பார்த்துவிட வேண்டும் என்ற பரபரப்பில், ஒரு மத்தியானம் சோதனைச் சாலையில் திராவகத்தில் போட்டுச் சுத்தமாகக் கழற்றிவிட்டேன். கீழே தங்கியதைக் கண்ணாடி வைத்துக்கூடப் பார்க்காமல் குழாயடியில் ஊற்றினேன். மூன்றாம் நாள்தான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது. துறைத் தலைவர் கேட்டபோது, கிடைக்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று சொன்னேன். பிறகு அதையே எல்லோரிடமும் சொன்னேன். படித்தவன் செய்தது அது. பித்தளை விளக்குகிறவள் ஒரு பிடி மணலை வீணாக்க மனசு வராமல் எடுத்து வைத்திருக்கிறாள்.

கொட்டாங்குச்சியை நிமிர்த்தினேன். கைக்குட்டையில் மணலைக் கொட்டி முடிந்துகொண்டு கடைக்குள் போய், பாயிடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏன், நான் பொய்யா எழுதிட்டேன்னு சொல்றீங்களா?" பாய்க்குக் கோபம்.

"நீங்கள் நம்பி எழுதினீர்கள் பாய். நான்தான் நம்பாமல் வாங்கிக்கொண்டேன். இது உள்ளூர்ச் சரக்கு இல்லை. பிரான்சிலிருந்து வந்தது."

பாயின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "சீமச் சாமானா! அத மொதல்லயே சொல்லக்கூடாதா?" உடனே தாடை கண்ணாடி அலமாரிக்குள், பீங்கான் குதிரைக்கும் ஒயின் கோப்பைகளுக்கும் நடுவே இடம் பிடித்தது. என் கட்டுரை போய்விட்டது என்பதில் அவருக்கும் வருத்தம்தான், ஆனால் அலமாரியைத் துடைத்துக்கொண்டே வருத்தப்பட்டார்.

வாசலில் அஞ்சலை நின்றாள். அவளிடம் சொல்லாமல் போக முடியவில்லை. "நேற்று உங்களிடம் பொய் சொன்னேன் அம்மா. என் பல்லைத் தேய்த்தது நான்தான்."

அவளுக்கு அது பெரிய ஆச்சரியமாக இல்லை. "அதுலேர்ந்து வந்த மண்ணு?"

"ஊற்றிவிட்டேன்."

"அய்யய்ய" என்றாள். அதில் கேலி இல்லை, ஒரு நல்ல சாமானை வீணாக்கியதைக் கேட்ட வருத்தம்தான் இருந்தது. அந்த வருத்தம் என்னைச் சுட்டது. கொஞ்சம் யோசித்தாள். "போனது போவட்டும். கெணறு அங்கயேதான இருக்கு?"

ஒரு வருஷமாக அந்தக் கிணற்றுப் பக்கமே நான் போகவில்லை. போனால் சரளையைப் பார்க்க வேண்டும், பார்த்தால் நான் கழுவியது ஞாபகம் வரும். கிணற்றின் பக்கவாட்டில் அதே சரளை இன்னும் வரிவரியாகத் தெரிந்துகொண்டுதான் இருக்கும். ஒரு மிருகத்துக்கு வாயில் ஒரே ஒரு பல்தானா இருந்திருக்கும்?

விழுப்புரத்தில் இறங்கியதும் ஒரு தபால் கார்டு வாங்கித் துறைத் தலைவருக்கு எழுதினேன். புதுச்சேரித் தாடை பிரான்சு நாட்டுடையது. சென்னைக் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் பல்லில் ஒட்டியிருந்த சரளையைக் கழுவியது நான்தான், தங்களிடம் சொன்னது பொய். நான்கு நாள் விடுப்பு வேண்டும். இரண்டாம் தடவை படித்துப் பார்த்தால் போடமாட்டேன் என்று தெரிந்ததால், படிக்காமலே பெட்டியில் போட்டுவிட்டுத் திருக்கோவிலூர் வண்டிக்கு டிக்கெட் எடுக்கப் போனேன்.